நாய்க்குப் பேதி, எனக்குக் கெட்ட பெயர்

இன்றைக்கும் யாராவது வந்து "எங்க வூட்டு நாய்க்கு வயித்தால போவுது" என்று சொன்னால் எனக்கு இரக்கம் பிறகுதான் வருகிறது. முதலில் வருவது கோபம். நாயின் மேல் இல்லை. அந்தக் காலத்தில் ஆம்பூர்ப் பக்கம் தோல் வியாபாரம் பண்ணிய பெரிய மனுஷர்கள் மேல். அவர்களில் பாதிப் பேர் இப்போது இல்லை. என் கோபம் மட்டும் ஆறாமல் அப்படியே இருக்கிறது.

நான் குசினிக்காரன். பெரிய சண்டை முடிந்த சில வருஷங்களில், சீமைக்குத் தோல் வாங்கி அனுப்பும் ஒரு துரைக்குச் சமைத்துப் போட்டுக்கொண்டிருந்தேன். பங்களா ஊருக்குச் சற்று வெளியே, பாலாற்றை ஒட்டி. காற்று இந்தப் பக்கம் திரும்பினால் சுண்ணாம்புக் குழி வாடையும் ஆவாரம்பட்டை வாசனையும் சேர்ந்து குசினிக்குள் வந்து உட்கார்ந்துகொள்ளும். எங்களுக்கு அது பிறந்ததிலிருந்து பழகிய காற்று. துரைதான் மூக்கில் கைக்குட்டை வைத்துக்கொள்வார்.

எங்கள் தொழிலில் ஒருவனுக்குச் சொத்து என்றால் அது சிட்டுதான். ஒரு பங்களாவை விட்டுப் போகும்போது துரையோ துரைசானியோ எழுதிக் கொடுக்கிற கடிதம். அதைக் காட்டினால்தான் அடுத்த பங்களாவில் அடுப்பங்கரைக்குள் விடுவார்கள். என்னிடம் அப்போது நான்கு சிட்டு இருந்தது. ஒரு தகரக் குழாயில் சுருட்டி வைத்திருந்தேன். மிஷன் பள்ளிக்கூடத்தில் படித்ததால் தமிழ் நன்றாக வரும், இங்கிலீஷ் எழுத்துக்கூட்டித்தான் வரும். ஆனால் ஒரு வார்த்தையை மட்டும் தூரத்திலிருந்தே அடையாளம் சொல்லிவிடுவேன். ஆனஸ்ட். நாணயமானவன் என்று அர்த்தம். கட்லெட் நன்றாகச் செய்வான் என்று பத்து வரி எழுதியிருந்தாலும், அந்த ஒரு வார்த்தை இல்லையென்றால் சிட்டை மடித்துக் கையில் கொடுத்து, போகச் சொல்லிவிடுவார்கள். என் நான்கு சிட்டிலும் அது இருந்தது.

துரைக்குக் குடும்பம் இல்லை. நாய்தான் இருந்தது. தொங்குகாது, வெள்ளையில் பழுப்புத் திட்டு, அசடு வழிகிற முகம். கப்பலில் கூடவே கூட்டிக்கொண்டு வந்தது. அதற்கு என்ன போட வேண்டும் என்று முதல் நாளே துரை எனக்குச் சொல்லிவிட்டார். காலையில் பாலில் நனைத்த ரொட்டி. சாயந்தரம் குழைய வெந்த சோறு, உப்புக்கூடப் போடாமல் அவித்த ஆட்டுக்கறி. அதற்கு மேல் ஒரு எலும்புத் துண்டுகூடக் கூடாது. நானும் அப்படியே போட்டேன். ஒன்றரை வருஷம் அந்த நாய்க்கு ஒரு தும்மல்கூட வந்ததில்லை.

துரைக்கு வேலை தோலுக்கு நம்பர் போடுவது. ஆற்றோரத்தில் மூன்று தோல் ஷாப்பு இருந்தது, தோல் பதனிடுகிற இடத்தை நாங்கள் அப்படித்தான் சொல்வோம். துரை போய் மேஜைமுன் நிற்பார். ஒவ்வொரு தோலாக விரிப்பார்கள். விரலால் தடவிப் பார்த்து ஒண்ணாம் நம்பர், ரெண்டாம் நம்பர், தள்ளு என்று சொல்லிக்கொண்டே போவார். அந்த வாய் அசைவில்தான் ஷாப்புக்காரர்களின் வாழ்வும் தாழ்வும். அவர் உள்ளே நம்பர் போடும்வரை நாய் பின்கொட்டகை நிழலில் படுத்திருக்கும். மத்தியானச் சாப்பாட்டுக் கூடையோடு நானும் சில நாள் கூடப் போவேன்.

அந்த வருஷம் சீமையில் தோலுக்குக் கிராக்கி கம்மி. துரை ரொம்பக் கெடுபிடியாக இருந்தார். அப்போது ஒரு நாள், மூன்றில் பெரிய ஷாப்பின் முன்ஷியைப் பார்த்து நாய் வாலாட்டியது. கணக்கும் நிர்வாகமும் பார்க்கிற மனிதர், நரைத்த தாடி, ஊரில் நல்ல மதிப்பு. அன்றைக்கு அந்த ஷாப்புத் தோலில் முக்கால்வாசி ஒண்ணாம் நம்பர் ஆகிவிட்டது. தோல் நல்ல தோல், அவ்வளவுதான் விஷயம். ஆனால் அடுத்த நாளே ஆம்பூர்க் கடைத்தெரு முழுக்க ஒரே பேச்சு. நாய் வாலாட்டினால் ஒண்ணாம் நம்பர்! நாய் முகத்தைத் திருப்பினால் தள்ளு! படித்தவர்கள், பட்டணம் போய் வந்தவர்கள், நாலு ஊருக்குப் பஞ்சாயத்து பண்ணுகிறவர்கள், அத்தனை பேரும் இதை நம்பினார்கள். என்னத்தைச் சொல்ல!

அப்புறம் ஆரம்பித்தது நாய்க்கு விருந்து. பெரிய ஷாப்பில் நெய்யில் வறுத்த ஈரல். அதைக் கேள்விப்பட்டு இரண்டாவது ஷாப்பில் ஆட்டுக்கால் பாயா. மூன்றாவது ஷாப்புக்காரர்கள் சும்மா இருப்பார்களா? வாணியம்பாடியிலிருந்து நெய் சொட்டுகிற அல்வா வரவழைத்தார்கள். எல்லாம் பின்கொட்டகையில், துரை கண்ணில் படாமல். கறியைக் கண்ணால் பார்க்காத கூலி ஆட்கள் சுண்ணாம்பில் வெந்த கையோடு அந்தத் தட்டுகளைத் தூக்கிக்கொண்டு போய் நாய்முன் வைத்தார்கள். 

மூன்றாம் நாளே நாய் நான் போட்ட சோற்றை முகர்ந்து பார்த்துவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொண்டது. நான் நேரே முன்ஷியிடம் போனேன்.

"பாய், நாய்க்கு இதெல்லாம் ஆவாது. உப்பில்லாத கறியும் வெறுஞ்சோறும் துன்னு பழகுன வயிறு. திடீர்னு நெய்யும் மசாலாவும் போட்டா தாங்காது. நிறுத்திடுங்க."

அவர் சிரித்தார். "அட போய்யா. நாய் வயிறு இன்னா நவாப் வயிறா? கல்லைத் துன்னாலும் கரைச்சிடும். நீ ஒண்ணும் பேஜார் பண்ணாதே."

சரி, துரையிடமே சொல்லலாம் என்றால் நடுவில் ஒரு ரைட்டர், துரையின் குமாஸ்தா. துரைக்குத் தமிழ் பாதி, எனக்கு இங்கிலீஷ் பாதி. மீதியைச் சேர்த்து வைக்க வேண்டியது அவர் வேலை. "நாய் ஷாப்புல கண்டதையும் துன்னுது, வூட்ல சோறு தொடமாட்டேங்குதுன்னு சொல்லுங்க ரைட்டரே" என்றேன். அவர் துரையிடம் என்னமோ சொன்னார். துரை வெயிலைக் காட்டித் தலையாட்டினார். வெயில் காலம், நாய்க்குப் பசி கம்மி என்று சொல்லியிருக்கிறார் அந்த மகானுபாவர்! அவர் வீட்டுக்கும் மூன்று ஷாப்பிலிருந்தும் அல்வா போய்க்கொண்டிருந்தது என்பது எனக்குப் பிறகுதான் தெரியும்.

ஒரு வாரம் ஆகவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வேலூரிலிருந்து இன்னொரு துரையும் அவர் சம்சாரமும் சாப்பிட வந்திருந்தார்கள். நான் சூப்புக் கிண்ணத்தோடு நுழைகிறேன், மேஜைக்கு அடியிலிருந்து ஒரு சத்தம். அந்த அம்மா அலறிக்கொண்டு நாற்காலிமேல் ஏறிவிட்டார். நாய் வாந்தியும் பேதியுமாக விரிப்பு முழுக்க அசிங்கம் பண்ணிவிட்டது. பேதியில் இரத்தம் வேறு. கால் மடங்கி அதிலேயே விழுந்து கிடந்து துரையைப் பார்த்தது. துரைக்கு முகம் வெளுத்துப் போயிற்று. அவர் பயந்ததில் தப்பில்லை. பிழைக்காது என்றுதான் நானும் நினைத்தேன்.

அதற்குப் பிறகு நடந்ததைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை. "நாய்க்குச் சோறு போடறவன் யாரு?" என்று துரை கேட்டார். நான்தான் என்றேன். ரைட்டர் தொண்டையைக் கனைத்துக்கொண்டு இங்கிலீஷில் எதையோ சொல்லி, கையால் எதையோ சுரண்டுகிற மாதிரி காட்டினார். எனக்கு விளங்கிவிட்டது. தோலைச் சுண்ணாம்புக் குழியிலிருந்து எடுத்ததும் உள்பக்கம் ஒட்டியிருக்கிற சவ்வைக் கத்தியால் சுரண்டி எடுப்பார்கள். மரம் ஒட்டுகிற வச்சிரப் பசை காய்ச்சுகிறவர்கள் வாங்கிப் போகிற அந்தச் சவ்வை நான் நாய்க்கு அவித்துப் போட்டுவிட்டு, ஆட்டுக்கறியை என் வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு போய்விட்டேனாம்!

"இன்னா ரைட்டரே, மனசாட்சி இருக்குதா உனக்கு?" என்று அங்கேயே கத்தினேன். அந்த ஒரு கத்தலும் எனக்கு எதிராகவே போயிற்று. குற்றம் பண்ணாதவன் ஏன் கத்த வேண்டும் என்று துரைக்குத் தோன்றிவிட்டது.

உடனே என் வீட்டுக்கு ஒரு பியூனை அனுப்பினார்கள், சட்டியைத் திறந்து பார்க்க! என் சம்சாரம் கேழ்வரகுக் களி கிளறி முருங்கைக்கீரை வதக்கி வைத்திருந்தாள். பியூன் இரண்டையும் முகர்ந்து பார்த்தானாம். அவள் வாய் லேசுப்பட்டதில்லை. "நல்லா மோந்து பாருய்யா. கறி வாசனை வந்தா எனக்கும் ஒரு துண்டு குடுத்துட்டுப் போ" என்றிருக்கிறாள். அவன் திரும்பி வந்து கறி இல்லை என்றான். அதற்கு ரைட்டர் என்ன சொன்னார் தெரியுமா? தின்று முடித்திருப்பார்கள் என்றார். சட்டியில் கறி இருந்தாலும் திருடன், இல்லாவிட்டாலும் திருடன்!

நான் ஷாப்பு விருந்தைப் பற்றி எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் சொன்னேன். ஈரல், நெய், அல்வா என்று கையை ஆட்டி ஆட்டிச் சொன்னேன். துரை நியாயம் பார்க்கிற மாதிரிதான் நடந்துகொண்டார். மறுநாள் மூன்று ஷாப்பு ஆட்களையும் வரவழைத்து வராந்தாவில் நிற்க வைத்துக் கேட்டார். இரண்டு பேர் காதைப் பொத்திக்கொண்டு, துரை நாய்க்கு நாங்கள் எதையாவது போடுவோமா என்றார்கள். முன்ஷியின் முறை வந்தது.

"நாங்க நாயைத் தொடமாட்டோம் துரை. தொட்டா கழுவிட்டுத்தான் தொழுவணும். நாய் பக்கமே நான் போறதில்லை" என்றார்.

அது பொய் இல்லை. அவர் தொடவில்லை. தட்டை வைத்தது கூலி ஆள். ஈரல் யார் சொல்லி வறுபட்டது என்று துரை கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. ஒன்றரை வருஷமாக என்னைப் பார்த்தால் சலாம் சொல்லி, பிள்ளைகுட்டி சௌக்கியமா என்று விசாரிக்கிற மனிதர், அன்றைக்கு என் பக்கம் திரும்பவே இல்லை. நாய்க்கு விருந்து வைத்தது தெரிந்தால் துரை முறைத்துக்கொள்வார், அடுத்த சரக்கு முழுக்கத் தள்ளுதான் என்ற பயம். அந்தப் பயத்துக்கு நான் பலியா?

நாய் கிடந்த கிடை பொறுக்காமல் நானே கவனித்தேன். ஒரு நாள் முழுக்க எதையும் கொடுக்கவில்லை. காய்ச்சி ஆறவைத்த தண்ணீரை மட்டும் வாய் நனைகிற அளவு கொடுத்தேன். மறுநாள் வடிகஞ்சி, ஒரு கை. அது தங்கியது. அதற்கடுத்த நாள் குழைந்த சோற்றில் கறி அவித்த தண்ணீர். நான்காம் நாள் எழுந்து வந்து, என் கணுக்காலை நக்கிற்று. நான் நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டேன். துரை அதைப் பார்த்து எனக்கு ஒரு நல்ல வார்த்தை சொல்லியிருக்கலாம். அவர் ரைட்டரிடம் சொன்னது வேறு. "பார், கெட்டதைப் போடறதை நிறுத்தினான், நாய் பிழைச்சுது. இதுவே சாட்சி."

அன்றைக்கே சிட்டு எழுதி மேஜைமேல் வைத்துவிட்டார். புது ஆள் வரும்வரை சமைத்துவிட்டு அதை வாங்கிக்கொண்டு போக வேண்டும். மேஜை துடைக்கும்போது எழுத்துக்கூட்டிப் படித்தேன். ஆனஸ்ட் இருந்தது. அதற்கு முன்னால் நாட் என்றும் இருந்தது.  அந்தக் காகிதத்தோடு சென்னப்பட்டணம்வரை நடந்தாலும் ஒரு பங்களாவிலும் அடுப்புப் பக்கம் விடமாட்டார்கள். காட்டாமலும் இருக்க முடியாது. கடைசியாக இருந்த இடத்துச் சிட்டு எங்கே என்றுதான் முதல் கேள்வியே வரும்.

நான் கிளம்ப இரண்டு நாள் இருக்கும்போது துரை நாயைக் கூட்டிக்கொண்டு ஷாப்புக்குப் போனார், உடம்பு தேறிய பிறகு முதல் தடவை. சாப்பாட்டுக் கூடையோடு நான் பின்னால். ரைட்டர் கூடவே. பெரிய ஷாப்பின் வாசல் வந்ததும் நாய் வாரை இழுத்தது. துரை உள்ளே போகப் பார்த்தார், அது விடவில்லை. அவரைத் தரதரவென்று பின்கொட்டகைக்கு இழுத்துக்கொண்டு போய், ஒரு கல்லுக்கு முன்னால் உட்கார்ந்து, முன்காலைத் தூக்கி நீட்டியது. துரை ஒன்றும் புரியாமல் தூணோரம் நின்றார்.

பட்டை இடிக்கிற ஆள் ஒருவன் நாயை மட்டும்தான் பார்த்தான், தூணுக்குப் பின்னால் இருந்த துரையைப் பார்க்கவில்லை. "வந்துட்டியாடா ராஜா? எங்கடா போய்ட்ட இத்தினி நாளா?" என்று கேட்டுக்கொண்டே உள்ளே போய், தட்டில் நெய் மினுமினுக்கிற ஈரலைக் கொண்டுவந்து அந்தக் கல்மேல் வைத்தான். நாய் தேறி வருகிறது என்று காலையிலேயே தகவல் போயிருக்கிறது, தயாராக வறுத்து வைத்திருக்கிறார்கள்! நிமிர்ந்தவன் துரையைப் பார்த்தான். அப்படியே மரமாகிவிட்டான்.

 துரை நாயைத் தட்டிலிருந்து இழுத்துப் பிடித்துக்கொண்டு அடுத்த ஷாப்புக்கு நடந்தார். அங்கேயும் நாய் தன் இடத்துக்கு நேராகப் போய்க் காலை நீட்டியது. மூன்றாவதிலும் அப்படியே. அல்வா வைக்கிற இடத்தில் இன்னும் நெய்க்கறை போகாமல் இருந்தது. அப்போதுதான் துரை சிரிக்க ஆரம்பித்தார். கண்ணில் நீர் வருகிற சிரிப்பு. அவர் சிரிப்பதைப் பார்த்து ரைட்டர் சிரித்தார். பின்னாலேயே ஓடிவந்த ஷாப்புக்காரர்களும் உயிர் வந்து சிரித்தார்கள். முன்ஷிகூடத் தாடியைத் தடவிக்கொண்டு சிரித்தார். துரை குனிந்து நாயின் தலையைத் தட்டி, கெட்டிக்காரப் பயல் என்றார்.

நான் சிரிக்கவில்லை. கூடையோடு நின்றுகொண்டிருந்தேன். நான் வாய் கிழியச் சொன்னது அத்தனையும் நாய் வாலாட்டிச் சொன்ன பிறகு உண்மையாகிவிட்டது. ஒன்றரை வருஷம் அவருக்கு மூன்று வேளையும் சோறு போட்டவன் நான். அவர் நம்பியது நாயை!

பங்களாவுக்கு வந்ததும் துரை பழைய சிட்டைக் கிழித்துப் போட்டார். வேலையில் இரு என்றார். வேண்டாம், எழுதிக் கொடுங்கள், நான் போகிறேன் என்றேன். தோளைக் குலுக்கிவிட்டுப் பேனாவை எடுத்து மளமளவென்று எழுதினார். வாங்கிப் பார்த்தேன். நல்ல சமையல்காரன், சுத்தம், நாய்களிடம் பிரியமானவன், நோய் கண்ட நாயைப் பார்த்துக்கொள்ளத் தெரிந்தவன். நான் தேடிய வார்த்தை இல்லை. சிட்டை மேஜைமேல் திரும்ப வைத்தேன்.

"ஆனஸ்ட் எங்க சார்?"

ரைட்டர் என் கையைப் பிடித்து இழுத்தார். "இவ்ளோ நல்லா எழுதியிருக்காரு, அதுக்கு மேல இன்னாய்யா வேணும் உனக்கு? வாங்கிட்டுப் போ."

"நீ சும்மா இரு. நான் திருடன்னு இதே மேஜையிலதான எழுதுனாரு? திருடன் இல்லைன்னும் இதே மேஜையில எழுதட்டும். எழுதுற வரைக்கும் நான் நகர மாட்டேன்."

துரைக்கு அது விளங்கிற்று. பேனாவை மூடி வைத்துவிட்டிருந்தார். திரும்பத் திறக்க அவருக்குச் சோம்பல். தோல்மேல் நம்பர் போடுகிற பென்சில் பக்கத்தில் கிடந்தது. அதை எடுத்து, வரிக்கு மேலே, இடமில்லாத இடத்தில், அந்த வார்த்தையை நெருக்கி எழுதித் தள்ளிவிட்டார். நான் வாங்கிக் குழாயில் போட்டுக்கொண்டு வந்துவிட்டேன். வீட்டுக்கு வந்து சம்சாரத்திடம் காட்டி, ஜெயித்துவிட்டேன் என்று வேறு சொன்னேன்.

வேலூரில் முன்பின் தெரியாத ஒரு பங்களாவில் ஆள் வேண்டும் என்று கேள்விப்பட்டுப் போனேன். துரைசானி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு சிட்டை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். அவருக்குத் தமிழ் நன்றாகவே வந்தது.

"எல்லாம் மையில எழுதியிருக்கு. ஆனஸ்ட் மட்டும் பென்சில்ல, வரிக்கு மேல இருக்கு. இதை நீயே எழுதிக்கிட்டியா?"

நடந்ததை முதலிலிருந்து சொன்னேன். ஈரல், பாயா, அல்வா, கல், முன்ஷி, எல்லாம் சொன்னேன். அவர் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை.

"அப்ப இதை யார்தான் எழுதினது?"

"துரைதாம்மா எழுதுனாரு. நாய்தான் எழுத வெச்சது."

அந்த அம்மா வாய்விட்டுச் சிரித்தார். பிறகு சிட்டை மடித்து என் கையில் கொடுத்து, போகச் சொல்லிவிட்டார்.